ஒரு ‘ஓம்’ போதும் என்றார் பிஷப்

ஜேர்மனியில் இறங்கிய முதல் நாளே எனக்குத் தேத்தண்ணி கிடைக்கவில்லை. கொழும்பிலிருந்து விமானம் மாறி மாறி, கால் வீங்கி, தலையிடியோடு வுப்பர்டாலுக்கு வந்து சேர்ந்தவளுக்கு அண்ணை வீட்டில் ஒரு பெரிய கோப்பையில் ஆவி பறக்க ஏதோ வந்தது. நிறம் கோப்பியின் நிறம். ஆசையோடு வாயில் வைத்தேன். வறுத்த பார்லியை அரைத்துச் சுடுதண்ணீரில் கரைத்த ஒன்று. இங்கே சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்களாம்.

“குறை நினைக்காதேங்கோ வசந்தி. எங்கட வீட்டில தேயிலையும் இல்லை, கோப்பியும் இல்லை,” என்றார் அண்ணையின் மனைவி பத்மா மச்சாள்.

எனக்கு இது மறந்தே போயிருந்தது. என் பெரியப்பாவின் மகன் ஜெயரத்தினம் அண்ணை எண்பதுகளில் அகதியாக இந்த நாட்டுக்கு வந்தவர். முகாமில் மொழி தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தவர்களிடம் வெள்ளைச் சட்டை போட்டுக் கழுத்தில் ரை கட்டிய இரண்டு அமெரிக்க இளைஞர்கள் வந்து ஜேர்மன் சொல்லிக் கொடுத்தார்கள். கூடவே தங்கள் வேதத்தையும் சொல்லிக் கொடுத்தார்கள். அண்ணை மோர்மன் ஆனார். பிறகு வந்து சேர்ந்த மச்சாளும் ஆனார். மதுவும் புகையும் மட்டுமல்ல, தேநீரும் கோப்பியும் அவர்களுக்கு விலக்கு. யாழ்ப்பாணத்தில் பிறந்த மனுசன் தேத்தண்ணியை விட்டார் என்ற செய்திதான் எங்கள் குடும்பத்தை அதிகம் உலுக்கியது. சாமியை விட்டதைக்கூட அவ்வளவு பெரிதாக எடுக்கவில்லை.

அண்ணையின் ஒரே மகள் எஸ்தருக்குக் கல்யாணம். மாப்பிள்ளை லூக்காஸ், அதே சபையில் பிறந்து வளர்ந்த ஜேர்மன்காரன். வரவேற்புக்கு உடுக்கிற கூறைச்சேலையை வெள்ளவத்தையில் எடுத்துக் கொண்டுவரும் பொறுப்பு என்னுடையது. கூறையைக் கொடுத்துவிட்டு, கல்யாணத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்புவது என்றுதான் வந்தேன். பார்க்க முடியாது என்று எனக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

எஸ்தர்தான் அன்று இரவுச் சாப்பாட்டின்போது விளங்கப்படுத்தினாள். உண்மையான கல்யாணம் அவர்களுடைய ஆலயத்துக்குள் நடக்கும். ஆலயம் என்பது ஞாயிற்றுக்கிழமை போகிற சபைக் கட்டடம் இல்லை. அது ஃபிராங்க்ஃபர்ட் பக்கம், தனியாக இருக்கிறது. அதற்குள் போக ஓர் அட்டை வேண்டும். பிஷப் கூப்பிட்டு இருத்திக் கேள்விகள் கேட்டு, பதில் திருப்தி என்றால்தான் அட்டை. மோர்மன் அல்லாதவர்களுக்கு அது கிடையாது. நான் வெளியே தோட்டத்தில் நிற்கலாம்.

“பெற்ற தாய் தகப்பன் வேற சமயமெண்டாலும் வெளியிலதானோ?” என்று கேட்டேன்.

“ஓம் மாமி. ஆனா எனக்கு அந்தப் பிரச்சினை இல்லைத்தானே. அப்பா அம்மா ரெண்டு பேரும் உள்ளுக்கு வருவினம்.”

அண்ணை தலை நிமிராமல் பிட்டைக் குழைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மாதத்தின் முதல் ஞாயிறு. அவர்களுக்கு அது விரத நாள். தண்ணீர்கூட இல்லை. எனக்கு விலக்கு உண்டு என்றார்கள். வீடே பட்டினி கிடக்க நான் மட்டும் பாணுக்கு ஜாம் பூசிக்கொண்டு இருக்க முடியுமா? நானும் வெறும் வயிற்றோடு போனேன். சபைக் கட்டடத்தில் சிலுவையும் இல்லை, மெழுகுதிரியும் இல்லை. மண்டபம் துப்புரவாக, வெளிச்சமாக, ஏதோ பாடசாலைக் கூட்டத்துக்கு வந்தது போல இருந்தது.

பிஷப் என்றதும் நான் நீண்ட அங்கியும் மோதிரமும் எதிர்பார்த்திருந்தேன். வந்தவர் நாற்பது வயதுகூட ஆகாத ஒரு மனிதர், கையில் சைக்கிள் தலைக்கவசம். காப்புறுதிக் கம்பனி ஒன்றில் வேலை. இவர்களிடம் சம்பளத்துக்குக் குருமார் கிடையாது. சபையில் உள்ளவர்களே முறை வைத்துப் பார்க்கிறார்கள். இன்றைக்குப் பிஷப்பாக இருப்பவர் சில வருடம் கழித்துப் பின்வரிசை வாங்கில் இருந்து பிள்ளைக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருப்பார். அண்ணையும் ஒரு காலத்தில் பிஷப்புக்கு அடுத்த இடத்தில் இருந்து, ஆட்களைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டவராம்.

விரத ஞாயிறில் பிரசங்கம் இல்லை. விரும்பியவர்கள் எழுந்து போய் ஒலிவாங்கியில் சாட்சி சொல்கிறார்கள். எஸ்தர் என் காதுக்குள் மொழிபெயர்த்தாள். “இந்தச் சபை உண்மையானது என்று எனக்குத் தெரியும்.” அடுத்தவர் வந்தார். “எனக்குத் தெரியும்.” அதற்கு அடுத்தவரும் அதையே சொன்னார். நான் ஓய்வு பெறும்வரை கொழும்பு நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளராக நின்றவள். சாட்சி ‘தெரியும்’ என்றால், கண்டீரா, கேட்டீரா, யார் சொல்லிக் கேட்டீர் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழும்பி அந்த ஆளை உரித்துவிடுவார். இங்கே ஒருவரும் எழும்பவில்லை. எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

அப்போது பல்கலைக்கழக மாணவி மாதிரி ஒரு பெண் போய் நின்றாள்.  எஸ்தர் மொழிபெயர்க்கச் சற்றுத் தாமதித்தாள். “எனக்கு இப்ப ஒண்டும் தெரியேல்லை எண்டு சொல்லுறா மாமி. கடவுள் இருக்கிறாரோ, இந்த வேதம் உண்மையோ, ஒண்டுமே தெரியேல்லையாம். ஆனாலும் வந்திருக்கிறன் எண்டு சொல்லுறா.”

இனிக் கல்தான் விழும் என்று நினைத்தேன். விழவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு தடித்த பெண்மணி எழுந்து போய் அவளைக் கட்டிப்பிடித்தார். பிஷப் ஒலிவாங்கியை வாங்கி, சந்தேகம் பாவம் இல்லை, சந்தேகப்படுகிறவர்களுக்கும் இந்த வாங்குகளில் இடம் உண்டு என்றார். பலர் தலையாட்டினார்கள். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது.

என் பக்கத்தில் இருந்த அண்ணை எழுந்து வெளியே போய்விட்டார். கூட்டம் முடிந்து தேடியபோது, வாகனத் தரிப்பிடத்தில் காருக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தார். விரத மயக்கம் என்றார் மச்சாள்.

செவ்வாய்க்கிழமை அண்ணையும் நானும் தமிழ்க் கடைக்குப் போனோம். வுப்பர்டாலில் ரயில் தண்டவாளத்துக்கு மேலே ஓடுவதில்லை, தண்டவாளத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டு ஓடுகிறது. கீழே ஆறு. முதல் வளைவில் பெட்டி ஒரு பக்கம் சரிந்தபோது நான் நல்லூர் முருகனைச் சத்தமாகவே கூப்பிட்டுவிட்டேன். ஒரு ஜேர்மன் கிழவர் தன் பத்திரிகையைத் தாழ்த்தி என்னைப் பார்த்து, திரும்ப உயர்த்திக்கொண்டார்.

திரும்பி வரும்போது ரயில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே நின்றுவிட்டது. தொழில்நுட்பக் கோளாறு, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அறிவித்தார்கள். எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள். எங்கள் ஊர் பஸ் என்றால் இதற்குள் நாலு பேர் இறங்கிச் சாரதியோடு சண்டை பிடித்து, மற்றவர்கள் ஒருவருக்கொருவர் ஊர் பேர் விசாரித்து முடித்திருப்பார்கள். இங்கே தும்மல்கூட இல்லை. மடியில் கறிவேப்பிலைப் பையோடு ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தோம். அண்ணை தமிழில் பேச ஆரம்பித்தார். சுற்றி ஒருவருக்கும் விளங்காது என்ற தைரியமாக இருக்க வேண்டும்.

“வசந்தி, வாற சனிக்கிழமை கலியாணத்துக்கு நான் உள்ளுக்குப் போகமாட்டன்.”

“ஏன்?”

“என்ர அட்டை முடிஞ்சு போச்சு. போன மாசம் புதுப்பிக்க வரச்சொல்லி நாள் தந்தவை. பிஷப் கேட்டார், இந்தச் சபையிலயும் வேதத்திலயும் உனக்குச் சாட்சி இருக்கோ எண்டு. இல்லை எண்டு சொல்லிப்போட்டன்.”

வீட்டில் சொன்னாரா என்று கேட்டேன். இல்லை. மச்சாளும் எஸ்தரும் அட்டை அவர் சட்டைப்பையில் இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

“அந்த ஆள் என்னைத் திரத்தேல்லை. அதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் கிடக்கு. கையைப் பிடிச்சுக்கொண்டு சொல்லுறார், ஜெயரத்தினம், தெரிய வேணுமெண்டில்லை, உண்மையா இருந்தா நல்லம் எண்டு நீ ஆசைப்பட்டாலே காணும், ஒரு ஓம் சொல்லு, நான் கையெழுத்து வைக்கிறன் எண்டு.”

“சொல்லியிருக்கலாமே அண்ணை.”

அவர் கீழே ஆற்றைப் பார்த்தார். பிறகு குலத்தின் கதையைச் சொன்னார்.

குலம் என்ற குலசிங்கம் அகதி முகாமில் அண்ணையின் அறைத்தோழர். ஒரே நாளில் இருவரும் ஞானஸ்நானம் எடுத்தார்கள். ஒரு தேத்தண்ணிப் பைக்கற்றைச் சேர்ந்து குப்பையில் போட்டவர்கள். இருபது வருடத்துக்கு முன்னால் குலத்தின் மகனுக்கு ஆலயத்தில் கல்யாணம் வந்தது. அப்போது கேள்வி கேட்கும் கதிரையில் அண்ணை இருந்தார். சபையைத் தொடங்கிய முதல் தீர்க்கதரிசிக்குப் பல மனைவிகள் இருந்தார்களாமே, ஏன் எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை என்று குலம் எங்கோ வாசித்துவிட்டுக் கேட்டுக்கொண்டு திரிந்த காலம் அது. சாட்சி இருக்கிறதா என்று அண்ணை கேட்டார். “நம்பப் பாக்கிறன் ஜெயம், தெரியும் எண்டு சொல்ல ஏலாமல் கிடக்கு,” என்றார் குலம்.

“நான் கையெழுத்து வைக்கேல்லை. மேலிடம் சொல்லி இல்லை வசந்தி. அப்ப இருந்த பிஷப்கூட என்னட்டை, கொஞ்சம் பாத்துச் செய் எண்டவர். நான்தான் விடேல்லை. எங்கட தமிழாக்கள் சலுகை கேட்டு உள்ளுக்கு வந்ததெண்டு வெள்ளையள் சொல்லக்கூடாது எண்டு நினைச்சனான். குலம் மகன்ர கலியாணத்துக்கு வெளியில, மழைக்குள்ள குடையோட நிண்டவன். நான் உள்ளுக்கு, அவன் இருக்க வேண்டிய கதிரைக்குப் பக்கத்துக் கதிரையில இருந்தனான்.”

“இப்ப குலம் எங்க?”

“கெல்சென்கிர்ச்சனுக்குப் போனான். சபைக்கும் வரேல்லை, என்னோட கதைக்கவும் இல்லை. ரெண்டு வருசத்துக்கு முன்னம் செத்துப்போனான். செத்தவீட்டுக்கு நான் போகப் பயந்து போகேல்லை. அதுக்குப் பிறகுதான் அவன் கேட்டதை நானே தேடி வாசிச்சனான். அவன் கேட்ட கேள்விக்கு எங்கட சபையே தன்ர இணையத்தளத்தில ஓமெண்டு பதில் போட்டு வைச்சிருக்கு. ஆர் வேணுமெண்டாலும் வாசிக்கலாம்.”

ரயில் ஒரு குலுக்கலோடு நகர்ந்தது.  என் வாயைக் கட்டிப்போட்டுவிட்டாரே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அந்த இரகசியம் இரண்டு நாள்தான் தாங்கியது. உடைத்தது நான் இல்லை. வியாழக்கிழமை காலையில் பயணப் பெட்டி அடுக்கிய மச்சாள், எல்லோருடைய அட்டைகளையும் சேர்த்து வைக்கக் கேட்டார். அண்ணை உள்ளதைச் சொன்னார். மச்சாள் கையில் இருந்த வெள்ளை உடுப்பைக் கட்டிலில் போட்டார்.

“ஒரு ஓம்,” என்றார். “ஒரு ஓம் சொல்ல ஏலாதோ உங்களுக்கு? பிள்ளைக்காக?”

“பொய் சொல்லிப்போட்டு அந்த வீட்டுக்குள்ள எப்பிடியப்பா போறது?”

“குலம் அண்ணையைப் பழி வாங்கினது காணாதெண்டு இப்ப எங்களையோ?”

நான் சமையலறைக்குள் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். எஸ்தர் தன் அறையிலிருந்து வெளியே வரவே இல்லை.  மத்தியானம் நானே சோறு போட்டு, நானே தின்று, நானே கோப்பை கழுவினேன். பிறகு ரயில் நிலையத்துக்கு நடந்துபோய், நின்ற நிலையில் இரண்டு கோப்பி குடித்தேன். பாவமோ புண்ணியமோ, அதுதான் அந்த நாளில் எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல்.

வெள்ளிக்கிழமை காலை நகரசபையில் பதிவுத் திருமணம். ஜேர்மன் சட்டப்படி அதுதான் முதலில் நடக்க வேண்டும். ஓர் அதிகாரி வாசித்தார், இருவரும் சம்மதம் சொன்னார்கள், கையெழுத்து வைத்தார்கள். ஒரு பாட்டுப் பாடி முடிக்கிற நேரம்தான். அண்ணை நல்ல கோட் போட்டு முன்வரிசையில் இருந்தார். நான் எஸ்தரைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினேன். “இது கடதாசிக்கு மாமி. நாளைக்குத்தான் கலியாணம்,” என்றாள். அண்ணைக்குக் கேட்கும்படியே சொன்னாள்.

பின்னேரம் பிஷப் சைக்கிளில் வந்தார். மச்சாள் கூப்பிட்டிருக்க வேண்டும். வரவேற்பறையில் அண்ணைக்கு எதிரே இருந்து, ஜேர்மனில் மெதுவாகப் பேசினார். எஸ்தர் வாசற்படியில் நின்றாள், எனக்கு மொழிபெயர்க்கும் நிலையில் இல்லை. மச்சாள்தான் பிறகு சொன்னார். கதவு இன்னும் திறந்திருக்கிறது, இன்றிரவே எங்களுக்கு மேலே இருக்கும் சபைத் தலைவரிடமும் கையெழுத்து வாங்கித் தருகிறேன், நாளைக்கு உன் இடம் உன் மகளுக்குப் பக்கத்தில் என்றாராம்.

அதற்கு அண்ணை சொன்னது எனக்கே விளங்கியது. குலம் என்ற பெயர் வந்தது.

பிஷப் தலை குனிந்தார். அது வேறு காலம், அப்போது சபையே கடுமையாக இருந்தது என்றாராம்.

“காலம் வேறதான்,” என்றார் அண்ணை. இதைத் தமிழில், எங்களைப் பார்த்துச் சொன்னார். “ஆனா அவனுக்கு வைச்ச அளவுகோலை எனக்கு மாத்தி வைக்கச் சொல்லி நான் கேக்கமாட்டன்.”

பிஷப் புறப்படும்போது அவருடைய கண் கலங்கியிருந்தது. நல்ல மனிதர்தான். அவருடைய நல்ல குணத்தால் அந்த வீட்டுக்கு ஒரு பயனும் இருக்கவில்லை.

சனிக்கிழமை வானம் மப்பு. ஆலயம் வெள்ளையாக, உயரமான கோபுரத்தோடு, வெட்டி விட்ட புல்லுக்கு நடுவே நின்றது. சின்னச் சின்னக் கைப்பெட்டிகளோடு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். உள்ளே உடுக்கிற வெள்ளை உடுப்பு அதற்குள் இருக்கிறதாம். மச்சாள் எங்களைத் திரும்பிப் பார்க்காமல் படியேறினார். எஸ்தர் மட்டும் கதவடியில் ஒரு கணம் நின்றாள். அண்ணை கையை உயர்த்தினார். அவள் உள்ளே போய்விட்டாள்.

எங்களோடு வெளியே நின்றது லூக்காஸின் சித்தி ஒருத்தி. அவர் மோர்மன் இல்லை. பையிலிருந்து ஒரு சுடுதண்ணீர்ப் போத்தலை எடுத்தார். கோப்பி மணத்தது. லூக்காஸின் தாயின் கல்யாணத்துக்கும் இதே வாங்கில்தான் இருந்தேன், அனுபவத்தில் படித்துக்கொண்டேன் என்று அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். எனக்கு ஒரு மூடி நிறைய ஊற்றித் தந்தார். அண்ணைக்கும் நீட்டினார். அண்ணை நன்றி சொல்லி மறுத்துவிட்டார்.

“இனி என்ன அண்ணை, குடியுங்கோவன்,” என்றேன்.

“சும்மா இரு வசந்தி. நான் சபையை விட்டனான் எண்டு ஆர் சொன்னது?”

நான் மூடியில் மிச்சமிருந்ததைக் குடித்து முடித்தேன். அதன் பிறகு தூறல் தொடங்கியது. சித்தி குடை விரித்து என்னைக் கூப்பிட்டார். அண்ணை குடைக்குள் வரவில்லை. கல்யாணக் கோட் நனைய, கதவைப் பார்த்தபடி நேராக நின்றார். வருகிறவர்கள் போகிறவர்கள் பார்த்தார்கள். ஒருவர் வந்து அவர் தோளைத் தொட்டு ஏதோ ஆறுதலாகச் சொல்லிவிட்டுப் போனார். ஒருவர் முகத்திலும் இளக்காரம் இல்லை. அவர் அதைத்தான் எதிர்பார்த்து நின்றிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. கிடைத்திருந்தால் ஒருவேளை அவருக்கு மனம் ஆறியிருக்கும்.

கதவு திறந்தது. எஸ்தரும் லூக்காஸும் கைகோத்து வந்தார்கள். கை தட்டினார்கள், படம் எடுத்தார்கள். மச்சாள் அழுது சிவந்த கண்ணோடு மாப்பிள்ளை வீட்டாரோடு நின்றார். எஸ்தர் கையை விடுவித்துக்கொண்டு, நீண்ட வெள்ளை உடுப்பின் கரையை ஈரப் புல்லில் இழுபட விட்டு, நேரே எங்களிடம் வந்தாள். தகப்பனுக்கு முன்னால் நின்றாள்.

“அம்மாவுக்குப் பக்கத்தில ஒரு கதிரை சும்மா கிடந்துது அப்பா.”

“தெரியும் பிள்ளை.”

“ஏன் ஓமெண்டு சொல்லேல்லை?”

“எனக்குத் தெரியாதம்மா. தெரியாததைத் தெரியும் எண்டு சொல்லிக்கொண்டு உன்ர கலியாணத்தில வந்து இருக்க மனம் வரேல்லை. நீ நம்பிற இடம். அதைப் பழுதாக்கக்கூடாது எண்டு நினைச்சன்.”



“எனக்கும்தான் தெரியாது,” என்றாள் எஸ்தர். “பள்ளிக்கூடம் போற காலத்தில இருந்தே தெரியாது. லூக்காசுக்கும் தெரியாது. நாங்கள் பிஷப்பிட்டச் சொன்னனாங்கள். நம்பிக்கை வேணுமெண்டு ஆசை இருக்கோ எண்டு கேட்டார். ஓமெண்டனாங்கள். கையெழுத்து வைச்சார். உள்ளுக்கு இருந்தவையில கனபேர் அப்பிடித்தான் அப்பா.”

 

“எனக்கு ஏன் சொல்லேல்லை?” என்றார் அண்ணை.

“உங்களுக்கோ?” என்றாள் எஸ்தர். “குலம் மாமா மழைக்குள்ள நிக்கேக்க நான் சின்னப்பிள்ளை. கதவடி மட்டும் உங்கட கையைப் பிடிச்சுக்கொண்டு அவரைத் தாண்டித்தான் வந்தனான். அண்டையில இருந்து எனக்கு உங்களுக்குத்தான் பயம். பிஷப்புக்கு இல்லை.”

படம் எடுப்பவர் தூரத்திலிருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டார். மணப்பெண்ணும் தகப்பனும் சேர்ந்து ஒரு படமாம். எஸ்தர் தகப்பனுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். சிரிக்கச் சொன்னார்கள். அவள் சிரித்தாள். அண்ணை தன் கையை அவள் தோளில் வைப்பதற்காக உயர்த்தினார். பிறகு, அவளைக் கேட்காமல் வைக்கலாமோ என்று தெரியாதவர் போல, அந்தக் கையை அப்படியே தாழ்த்திக்கொண்டார்.